சைகை, சாடை, சமிக்ஞை: எதை எங்கே சொல்வது? சைகை மொழி ஏன் தனி?

கேள்வி இதுதான்: "சைகை என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? சாடை, சமிக்ஞை, குறிப்பு எல்லாமே அதுதானா? காது கேளாதவர்கள் கையால் பேசுவதும் சைகைதானே, அதை மட்டும் ஏன் மொழி என்கிறார்கள்? அதை எங்கே கற்கலாம்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்காமல், எதிரில் இருப்பவருக்குப் புரியவேண்டும் என்று நினைத்து உடம்பால் காட்டுகிற எதுவும் சைகை. கையாக இருக்கலாம், விரல், தலை, கண், புருவம், உதடு எதுவாகவும் இருக்கலாம். 'நினைத்து' என்பதுதான் இதில் முக்கியம். கொசு கடித்ததற்குக் கையை உதறினால் அது வெறும் அசைவு, அதே கையை பஸ்ஸை நிறுத்த நீட்டினால் சைகை. காது கேளாதவர்கள் பேசுவதோ சைகைகளைக் கொண்டு கட்டிய முழு மொழி. உங்கள் கேள்வியின் மூன்றாவது பகுதியைப் பார்த்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். "சைகைதானே" என்ற அந்தத் 'தானே'யால் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஆட்கள் எவ்வளவு இழக்கிறார்கள் என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, சொற்களைப் பார்ப்போம்.

சாடை என்பதும் சைகைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற சொல்தான், ஆனால் அதில் கொஞ்சம் மறைவு உண்டு. மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல் காட்டுவது சாடை. பெண் பார்க்க வந்த இடத்தில் காபி தருகிற நேரத்தில் அம்மா மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறாரே, அதைக் 'கண்சாடை' என்போம். யாரும் அதைக் 'கண்சைகை' என்பதில்லை. வாயால் பேசும்போதும்கூட நேராகச் சொல்லாமல் சுற்றிவளைத்துக் குத்தினால் "சாடையாப் பேசுறா", "சாடைமாடையாச் சொல்லிட்டுப் போறான்" என்கிறார்கள். ஆக, சாடைக்கு வாய் மூடியிருக்க வேண்டும் என்பதில்லை, விஷயம் நேராக வரக்கூடாது, அவ்வளவுதான். இதே சொல்லுக்கு 'சாயல்' என்ற பொருளும் உண்டு, "பிள்ளை அவங்க அப்பா சாடை" என்பது எங்கள் பக்கம் தினமும் காதில் விழுகிற பேச்சு. 'ஜாடை' என்று எழுதினாலும் தப்பில்லை.

சமிக்ஞை வடமொழி வழியாக வந்தது. ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்ட அடையாளத்துக்கு அதைப் போடுவது பொருத்தம். போக்குவரத்துச் சமிக்ஞை, ரயில் சமிக்ஞை, ரேடியோ சமிக்ஞை என்கிறோம். காட்டுவது மனிதராக இருக்கவேண்டும் என்பதில்லை, விளக்கு, கொடி, ஒலி எதுவும் சமிக்ஞை ஆகலாம். டவுன் பஸ் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. அவர் வாயால்தான் ஊதுகிறார், ஆனால் பேசவில்லை. அதைச் சைகை என்றால் காது ஒப்பாது, சமிக்ஞை என்றால் சரியாக இருக்கும். ரயில் பாதையோரம் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த பழைய சிக்னல் கம்பத்துக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் 'கைகாட்டி'. பாதை பிரிகிற இடத்தில் ஊர்ப்பெயர் எழுதி நட்ட பலகையும் கைகாட்டிதான், அப்படிப்பட்ட முக்குகளில் பஸ் நிறுத்தத்துக்கே 'கைகாட்டி' என்று பேர் நிற்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள் இந்தச் சொல்லை மறந்துவிடக்கூடாது என்பது என் ஆசை.

குறிப்பு என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டிய சொல். சைகை காட்டுகிறவரிடம் இருக்கிறது, குறிப்பு அறிகிறவரிடம் இருக்கிறது. முகம் வாடியதைப் பார்த்து "இவருக்குப் பசி" என்று நீங்கள் கண்டுபிடித்தால், அவர் எதையும் காட்டவில்லை, நீங்கள் குறிப்பறிந்தீர்கள். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 71-ஆவது அரசவையில் தலைவன் மனதை அறிவது, 110-ஆவது காதலி மனதை அறிவது. தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று எட்டைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவை உள்ளே நடப்பது உடம்பில் தானாகத் தெரிவது, எனவே இவற்றையும் சைகைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

நாட்டியத்துக்கு முத்திரை, அபிநயம் என்று தனிச் சொற்கள் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே எழிற்கை, தொழிற்கை என்ற பிரிவு வந்துவிடுகிறது. எழிற்கை அழகுக்காகக் காட்டுவது, தொழிற்கை ஒரு செயலைச் சொல்லக் காட்டுவது. சுட்டுவிரல் நுனியும் கட்டைவிரல் நுனியும் தொட்டு மற்ற விரல்கள் நீண்டு நிற்கும் சின்முத்திரையைத் தட்சிணாமூர்த்தி சன்னதியில் பார்த்திருப்பீர்கள். கலையிலும் வழிபாட்டிலும் வருவதைச் சைகை என்று எழுதினால் தவறில்லை, ஆனால் வாசகருக்குச் சப்பென்று இருக்கும்.

இனி எங்கள் மதுரைப் பக்கத்து விஷயம் ஒன்று. இதைச் சொன்னால் 'அதை மட்டும் ஏன் மொழி என்கிறார்கள்' என்ற கேள்விக்குப் பதில் தானாக வரும்.

மாட்டுத்தாவணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பஸ் ஸ்டாண்டு ஞாபகம்தான் வரும். தாவணி என்றால் மாடு விற்கிற சந்தை, இடத்தின் பேரே அதிலிருந்து வந்ததுதான். தென்மாவட்டச் சந்தைகளில் தரகர்கள் மாட்டுக்கு விலை பேசுகிற முறையைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் ஒருவர் மற்றவர் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் எண். அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும், அதனால் அதைச் சொல்லவேண்டியதில்லை. ஒத்துவராவிட்டால் கையை உதறுவார்கள், அப்புறம் மறுபடி துண்டு, மறுபடி விரல். முடிந்தால் அச்சாரம் கை மாறும். வாய் என்னவோ மழையைப் பற்றியும் வைக்கோல் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருக்கும்.

ஏன் துண்டு? சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியக்கூடாது. இவர் கேட்ட குறைந்த விலை வெளியே தெரிந்தால் அடுத்து வருகிறவர் அதற்குக் கீழேதான் கேட்பார். மாட்டுக்காரருக்கு அது ஒரு பாதுகாப்பு. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது: துண்டுக்குள் தரகர் முடித்த விலை என்ன என்பது மாட்டைக் கொண்டுவந்த சம்சாரிக்கே தெரியாமல் போகலாம், இடையில் தரகு எவ்வளவு நின்றது என்று அவர் கேட்கவே முடியாது. எனக்கு அந்த முறையின் மேல் வியப்பு உண்டு, ஆனால் விற்கிறவர் கண்ணை மூடிவைக்கிற எந்த வியாபாரமும் நல்லதில்லை என்றும் நினைக்கிறேன்.

துண்டு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். இதே நிலத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டு, கக்கத்தில் வை என்று சாதி பார்த்து ஒரு கூட்டத்தாரை நிற்க வைத்தார்கள். வாய் பொத்தி நிற்கச் சொன்னார்கள். அதுவும் பேச்சில்லாமல் சொல்லவைத்த ஒரு செய்திதான், 'நான் உனக்குக் கீழே' என்று தினமும் உடம்பால் சொல்லவைப்பது. பிற்காலத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததே ஒரு எதிர்ப்பாக இருந்தது. சைகையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு ஏதோ விளையாட்டுச் சமாச்சாரம் போல எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

இப்போது அந்தத் துண்டுக்குள் திரும்பிப் போவோம். அதில் என்ன சொல்லமுடியும்? எண் சொல்லலாம், சம்மதம் சொல்லலாம், மறுக்கலாம். "போன வருஷம் இந்த மாடு கன்று போட்டிருந்தால் நீங்கள் கேட்ட விலைக்கே வாங்கியிருப்பேன்" என்று துண்டுக்குள் சொல்ல முடியுமா? முடியாது. கண்டக்டர் விசிலிலும் முடியாது, கிரிக்கெட் அம்பயர் கையிலும் முடியாது. குழந்தைகள் காய் விடுவதும் பழம் விடுவதும் அழகுதான், ஆனால் அதை வைத்துப் பொய் சொல்லவோ கதை சொல்லவோ முடியாது. மேலே சொன்ன கன்றுக்குட்டி வாக்கியத்தை என் அத்தை மகன் கையால் ஐந்து விநாடியில் சொல்லிவிடுவார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நடக்காததை, நடந்திருக்கக் கூடியதை, நேற்றை, நாளையை, கேலியை, கோபத்தை எல்லாம் சொல்லமுடிகிறது என்றால் அது மொழி. இந்த ஒரு சோதனை போதும்.

மொழியியல்காரர்கள் இதைச் சான்றோடு காட்டி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி என்பவர் 1960-இல் அங்குள்ள சைகை மொழியை ஆராய்ந்து, ஒவ்வொரு சைகையும் ஒரு படம் போல மொத்தமாக இல்லை, அதைச் சிறு கூறுகளாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். கையின் வடிவம், அதை வைக்கிற இடம், அசைகிற விதம். நாம் 'பல்' என்பதில் ஒரு எழுத்தை மாற்றினால் 'கல்' ஆகிறது போல, அங்கே இடத்தை மட்டும் மாற்றினால் வேறு சொல்.

இந்திய சைகை மொழியில் சில விஷயங்களைப் பாருங்கள், தமிழ் பேசுகிறவர்களுக்கு இனிக்கும். ஆண் என்பதற்கு மீசை இருக்கும் இடம், பெண் என்பதற்கு மூக்குத்தி இருக்கும் இடம். கேள்விச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, "உன் பெயர் என்ன" என்பது போலவே. மறுப்பும் கடைசியில்தான் வரும், நம்முடைய 'இல்லை' நிற்கிற இடத்தில். "நீ சாப்பிட்டாய்" என்று கை சொல்லும்போது புருவத்தை உயர்த்தினால் "நீ சாப்பிட்டாயா" ஆகிவிடுகிறது, நாம் 'ஆ' போட்டுச் செய்யும் வேலையை அங்கே புருவம் செய்கிறது. 'கொடு' என்ற சைகை கொடுப்பவர் பக்கமிருந்து வாங்குபவர் பக்கம் நகரும், அதனால் யார் யாருக்கு என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. புருவம் இப்படி வேலை செய்வதால்தான், முகம் காட்டாமல் கையை மட்டும் படம் பிடித்து டிவி மூலையில் போட்டால் பாதி இலக்கணம் போய்விடும்.

"அப்படியென்றால் தமிழைக் கையால் பேசுகிறார்களா?" என்று கேட்பார்கள். இல்லை. இது தமிழின் கை வடிவமும் இல்லை, இந்தியின் வடிவமும் இல்லை. உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்பதும் தவறு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாயால் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் இரண்டு நாட்டுச் சைகை மொழிகளும் வேறு வேறு, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அமெரிக்கருடையது பிரெஞ்சுக்காரருடையதற்குத்தான் சொந்தம், காரணம் 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பள்ளிக்குப் பாடம் நடத்த வந்த லோரான் கிளேர் பாரிஸிலிருந்து போனவர். இந்தியாவுக்குள் ஊருக்கு ஊர் சொற்கள் கொஞ்சம் மாறும், மதுரையில் காட்டுவதும் டெல்லியில் காட்டுவதும் சில இடங்களில் வேறாக இருக்கும், ஆனால் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றுதான். கோயம்புத்தூர்க்காரர் பேச்சும் எங்கள் பேச்சும் வேறாக இருந்தாலும் இரண்டும் தமிழ்தானே.

இவ்வளவு இருந்தும் இதை ஏன் மொழியாக மதிக்கவில்லை? பெரிய காரணம் ஒன்று உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. வாயால் பேசப் பழக்குவதுதான் சரி, கையால் பேசுவது வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு உலகம் பூராவும் பரவியது. 130 வருஷம் கழித்து, 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அதற்காக வருத்தம் தெரிவித்தது. இடையில் எத்தனை தலைமுறை போயிருக்கும்! நம் நாட்டிலும் பல பள்ளிகளில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள், வாயைத் திறந்து சொல் என்பதுதான் பாடமாக இருந்தது, பிள்ளைகள் கையால் பேசியது ஹாஸ்டலிலும் விளையாட்டு மைதானத்திலும்தான்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இப்போதே கண்ணாடி முன் நின்று 'பணம்' என்றும் 'மணம்' என்றும் சத்தமில்லாமல் சொல்லிப்பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். 'பாலை', 'மாலை' இரண்டும் அப்படித்தான். க, ங போன்ற எழுத்துகள் தொண்டைப் பக்கம் நடப்பதால் வெளியே ஒன்றுமே தெரியாது. இதை நம்பி ஒரு பிள்ளை அறிவியல் பாடம் படிக்கவேண்டும் என்றால் அது அநியாயம்.

காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கிற அப்பா அம்மாவுக்குத்தான் பிறக்கிறார்கள். அந்த வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். பிள்ளையும் வீட்டாரும் சேர்ந்து சோறு, தண்ணீர், அடி, வா, போ என்று சில சைகைகளை உண்டாக்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பசிக்குச் சோறு கேட்க அது போதும், ஆனால் "பாட்டி ஏன் செத்துப்போனாங்க" என்று கேட்க அது போதாது. மச்சானுக்கு உண்மையான மொழி கிடைத்தது ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு, மூத்த பையன்களிடமிருந்துதான். நான் கற்றதும் மச்சானிடமிருந்தும் அவருடைய நண்பர்களிடமிருந்தும்தான். எனக்கு ஒரு சைகைப் பெயர்கூட வைத்தார்கள். ஒருவரிடம் உள்ள ஏதாவது ஓர் அடையாளத்தைப் பார்த்து அவர்கள் வைக்கிற பெயர் அது, நாமாக வைத்துக்கொள்வது வழக்கமில்லை.

ஒருமுறை வயிற்றுவலி என்று மச்சானை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கடைசிவரை என்னைப் பார்த்தே கேட்டார். "இவருக்கு எத்தனை நாளா வலி?", "இவர் குடிப்பாரா?" நாற்பது வயது மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவர் வயிறு, அவர் வலி. நான் கையால் கேட்டு வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், டாக்டர் ஒருமுறைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் மச்சான் கேட்டார், "நோயாளி நீயா நானா?" இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது இனிமேல் மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் காது கேளாதவரைப் பார்த்துப் பேசினால் எனக்குச் சந்தோஷம்.

இப்போது எழுதுகிறவர்களுக்கு, சொல்லைப் பயன்படுத்தும் விதம். சைகை 'காட்டுவது', 'செய்வது' இரண்டும் சரி: "உள்ளே வராதே என்று சைகை காட்டினாள்", "சைகையால் அழைத்தார்". சமிக்ஞை 'கொடுப்பது' அல்லது 'காட்டுவது'. சாடை 'காட்டுவது', குறிப்பு 'அறிவது', அபிநயம் 'பிடிப்பது'. ஆனால் காது கேளாதவர் ஒருவர் தன் மொழியில் சொன்னதை எழுதும்போது தயவுசெய்து "சைகை காட்டினார்" என்று எழுதாதீர்கள். "சைகை மொழியில் சொன்னார்", "கேட்டார்", "பேசினார்", "திட்டினார்" என்றே எழுதுங்கள். வாயால் பேசுகிறவருக்குப் போடுகிற எல்லா வினைச்சொல்லும் அவருக்கும் பொருந்தும். 'ஊமை பாஷை' என்பதை அடியோடு விட்டுவிடுங்கள், ஊமை, செவிடு என்று ஆளைக் குறிப்பதையும். காது கேளாதவர் என்றால் போதும், வாய் பேசாதவர் என்று சேர்த்துச் சொல்லவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, அவர்கள் பேசத்தான் செய்கிறார்கள்.

எழுத்துப்பிழை ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது: 'செய்கை மொழி'. செய்கை என்றால் செயல். இங்கே வேண்டியது சைகை.

சட்டத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல் தொடர்பு முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இந்திய சைகை மொழியை நாடு முழுவதும் தரப்படுத்தவேண்டும் என்கிறது. ஆனால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் இது இன்னும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்களே சுமார் 50 லட்சம் பேர், அவர்களில் எல்லோரும் சைகை மொழி பேசுவதில்லை என்றாலும் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

கற்றுக்கொள்வதற்கு: டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வீடியோ அகராதி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. 2018-இல் 3,000 சொற்களோடு வந்தது, 2021-இல் 10,000 ஆனது. யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அகராதி மட்டும் வைத்துக்கொண்டு எந்த மொழியையும் பேச வராது. உங்கள் ஊரில் காது கேளாதோர் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், அவர்களே நடத்துகிற வகுப்பு என்றால் இன்னும் நல்லது. செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம், 1951-இல் உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு தொடங்கிய நாள் அது. அந்த வாரத்தில் பல ஊர்களில் கூட்டங்கள் நடக்கும், போய்ப் பழகுங்கள். போனதும் நல்ல வெளிச்சத்தில், எதிர் எதிராக உட்காருங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் அவர்களுக்கு இருட்டாகத் தெரியும். புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்டாமல் மறுபடி கேளுங்கள், அவர்கள் பொறுமையாகத் திரும்பச் சொல்வார்கள்.